குவாண்டம் வாக்குவாதமும் இரண்டு போலராய்டு தாள்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களாக உங்கள் கடிதப் பக்கத்தில் குவாண்டம் இயற்பியலை வைத்து நடக்கும் வாக்குவாதம் சூடாகத்தான் இருக்கிறது. ஒரு சாரார், "எதுவும் நிச்சயமில்லை என்று விஞ்ஞானியே சொல்லிவிட்டார், பிறகு எதற்கு இந்த அறிவியல் பெருமை" என்கிறார்கள். இன்னொரு சாரார், "அறிவியலில் புதிர் என்று ஒன்றும் கிடையாது, புரியாதவர்கள் சொல்வது அது" என்று அடித்துப் பேசுகிறார்கள். இடையில் ஒரு வாசகர், மனிதன் பார்ப்பதால்தான் எலெக்ட்ரான் மாறுகிறது என்று தொடங்கி நோய் தீர்க்கும் தியானம் வரை போய்விட்டார். வெளியான கடிதங்களில் எதிலும் ஓர் எண்கூட இல்லை. சமையல் குறிப்பில் உப்பு எவ்வளவு என்று விடாமல் கேட்பவர்கள் இதில் மட்டும் ஏன் எதையும் கேட்பதில்லை?

முதலில் அந்த "நிச்சயமில்லை" என்ற சொல்லைப் பார்த்துவிடலாம். ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பர்க் 1927ல் வெளியிட்டதை நாம் "நிச்சயமின்மைக் கோட்பாடு" என்றும் "ஐயப்பாட்டுக் கொள்கை" என்றும் சொல்லிவருகிறோம். பாதிச் சண்டை இந்தப் பெயர்களிலிருந்தே வருகிறது. ஐயம் என்றால் யாருக்கோ மனதில் இருப்பது. ஹைசன்பர்க் சொன்னது யார் மனதிலும் இருப்பதல்ல. துகளின் இடத்தை எவ்வளவு நெருக்கிப் பிடிக்கிறோமோ, அதன் உந்தம் (நிறையும் வேகமும் பெருக்கிய அளவு) அவ்வளவு விரிந்துபோகும் என்ற கணக்கு. எவ்வளவு என்பதையும் அந்தக் கணக்கே சொல்லிவிடும்.

வீட்டுச் சுவரிலேயே இதைப் பார்க்கலாம். தேவை: சவர பிளேடு இரண்டு, தபால் அட்டை ஒன்று, சிவப்பு லேசர் பேனா ஒன்று (அலைநீளம் 650 நானோமீட்டர், திறன் 1 மில்லிவாட்டுக்குள்). பச்சை லேசர் வேண்டாம். மலிவானவற்றில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கசியும். அட்டையில் ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டை போட்டு, அதன் குறுக்கே முதல் பிளேடை ஒட்டுங்கள். இரண்டாவது பிளேடின் கூர்முனையை முதலாவதின் கூர்முனைக்கு எதிரே கொண்டுவந்து, நடுவில் சாதாரண 80 ஜி.எஸ்.எம். ஜெராக்ஸ் தாளைச் செங்குத்தாக நிறுத்தி, மெல்ல நெருக்கி ஒட்டிவிட்டுத் தாளை உருவுங்கள். கிடைப்பது சுமார் 0.1 மில்லிமீட்டர் பிளவு. லேசர் பொத்தானைத் துணிக் கிளிப்பால் கவ்வி வைத்தால் கை நடுங்காது. 3 மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் நடுவே பிரகாசமான பட்டை விழும். அதன் இரு பக்கத்துக் கருமைகளுக்கு இடைவெளி சுமார் 3.9 சென்டிமீட்டர். பிளவைப் பாதியாக்கினால் பட்டை 7.8 சென்டிமீட்டர் ஆகும். ஒளியை நெருக்க நெருக்க அது அகலமாகிறது.

இதில் பலர் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. பிளவு நெட்டாக இருந்தால் ஒளி குறுக்காகத்தான் பரவும். நெட்டாகத் தேடிவிட்டு "ஒன்றும் வரவில்லை" என்பார்கள். பிளேடுகள் இணையாக இல்லாமல் ஒரு பக்கம் அகன்றிருந்தால், பட்டை விசிறி மாதிரி ஒரு முனையில் விரிந்து மறுமுனையில் குறுகும். அப்போது அளக்காதீர்கள், மறுபடி ஒட்டுங்கள். எவர்சில்வர் பாத்திரம் எதுவும் லேசர் பாதையில் இருக்கக் கூடாது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

உந்தம் எவ்வளவு விரியும் என்பதை நிர்ணயிப்பது பிளாங்க் மாறிலி. அதன் மதிப்பு 6.62607015 × 10⁻³⁴ ஜூல் வினாடி. அதற்குப் பின் பிழை எல்லை எதுவும் இல்லை. 2019 மே 20 முதல் அந்த எண் வரையறையாகவே நிலைநிறுத்தப்பட்டு, கிலோகிராம் அதிலிருந்து பெறப்படுகிறது. பாரிஸ் அருகே பெட்டகத்தில் இருந்த உலோகக் கட்டி ஓய்வுபெற்றுவிட்டது. ரேஷன் கடைத் தராசின் கிலோவுக்கே ஆதாரமாக இருப்பது, "எதுவும் நிச்சயமில்லை" என்று சொன்னதாக நாம் பழிபோடும் அதே கோட்பாட்டின் மாறிலி.

இனி தலைப்பில் சொன்ன போலராய்டு தாள்களுக்கு வருகிறேன். ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் கடத்தும் தாள்கள் அவை. பாடநூலில் தளவிளைவு என்று வரும் பாடம்தான். கணினியின் எல்.சி.டி. திரையிலேயே ஒரு போலராய்டு ஒட்டியிருக்கிறது, ஆகவே நீங்கள் தேட வேண்டியவை இன்னும் இரண்டு. பழுதான கால்குலேட்டரின் முகப்பிலிருந்து உரிக்கலாம். அறிவியல் கருவிகள் விற்கும் கடையிலும் தாளாகக் கிடைக்கும். திரையை முழு வெள்ளையாக்கி, வெளிச்சத்தை முழு அளவுக்கு ஏற்றி, அறை விளக்கை அணையுங்கள். முதல் தாளைத் திரைமுன் பிடித்துத் திருப்பினால் ஒரு நிலையில் திரை கறுத்துவிடும். அந்த நிலையை 90 பாகை என்று குறித்துக்கொள்ளுங்கள். சில திரைகளில் ஒளியின் தளம் சாய்வாக இருக்கும், ஆகவே திரையின் விளிம்பை வைத்துக் கோணம் எடுக்க வேண்டாம். இப்போது இரண்டாவது தாளை, கறுத்த தாளுக்கும் திரைக்கும் நடுவே 45 பாகையில் செருகுங்கள். கறுப்பு விலகி வெளிச்சம் வரும். தடுப்பதற்கென்றே இருக்கும் தாளைக் கூடுதலாக வைத்ததும் ஒளி அதிகமாகிறது. அதே இரண்டாவது தாளைக் கறுத்த தாளுக்கு முன்னால், அதாவது உங்கள் கண்பக்கம், வைத்தால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்க்காமல் மேலே படிக்க வேண்டாம்.

எண் எடுக்க, கைபேசியில் லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) காட்டும் செயலி போதும். ஆனால் கேமராவால் படம் எடுத்து ஒப்பிடாதீர்கள். இருட்டானால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டிவிடும். கைபேசியின் மேல்முனையில் இருக்கும் ஒளி உணரியைத் திரைக்கு நேராக, ஒரே தூரத்தில் அசையாமல் வையுங்கள். கைபேசியின் சொந்தத் திரை வெளிச்சத்தையும் குறைத்துவிடுங்கள். திரையை அணைத்துவிட்டு வரும் அளவை எழுதி, மற்ற எல்லாவற்றிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும். கணக்கு இப்படிப் போகும்: வெறும் திரைக்கு 200 லக்ஸ், ஒரு தாளை 0 பாகையில் வைத்தால் 160 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தாள் ஒன்றுக்கு 0.8 பங்கு கடத்துகிறது, மீதியை உறிஞ்சுகிறது. மாலஸ் விதிப்படி (கோணத்தின் கொசைன் வர்க்கப் பங்கு ஒளிதான் கடக்கும்) 45 பாகைத் திருப்பம் ஒவ்வொன்றுக்கும் பாதி குறையும். 200 × 0.8 × 0.5 × 0.8 × 0.5, ஆக 32 லக்ஸ். மூன்றாவது தாள் ஒன்று கிடைத்து 30, 60, 90 என்று அடுக்கினால், ஒவ்வொரு திருப்பத்துக்கும் முக்கால் பங்கு மிஞ்சும். 43 லக்ஸ் வர வேண்டும். தாள் கூடக் கூட வெளிச்சமும் கூடுகிறது.

45 பாகையைத் துல்லியமாக வைக்க முடியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். 5 பாகை பிசகினாலும் 3 சதவீதம்தான் குறையும். கறுப்பு நிலைதான் அதைவிட நுணுக்கம். அங்கே 5 பாகை தவறினால் மேலே சொன்ன கணக்கில் 1 லக்ஸுக்கு மேல் கசிந்துவிடும்.

தவறு வருவது பெரும்பாலும் பொருளில்தான். தாளைச் செல்லோடேப்பால் ஒட்டி, டேப் ஒளியின் வழியில் வந்துவிட்டால் வண்ணங்கள் தெரியும், கறுப்பு முழுமையாகாது. திரையின்மேல் பிளாஸ்டிக் காப்புத்தாள் இருந்தாலும் இதே கதை. 3டி சினிமாக் கண்ணாடி பலவற்றில் போலராய்டோடு இன்னொரு படலமும் சேர்ந்திருக்கிறது. வழக்கமாகப் போடும் பக்கமாகப் பார்த்தால் திரை கறுக்காது. புரட்டி, கண்ணை ஒட்டும் பக்கம் திரையைப் பார்க்கும்படி பிடித்தால் கறுக்கும். புகைப்படக் கடையில் தரும் சி.பி.எல். (வட்டத் தளவிளைவு) ஃபில்டர் இன்னும் பொல்லாதது. மரை இருக்கும் பக்கம் திரையைப் பார்த்தால் எப்படித் திருப்பினாலும் ஏறத்தாழப் பாதி வெளிச்சம் மாறாமல் வரும். அதைச் சரியான பக்கமாகவே நடுத்தாளாக வைத்தாலும் வம்புதான்: வெளியேறும் ஒளி வட்டமாகச் சுழலும் தளத்தோடு வரும், கடைசித் தாள் அதில் பாதியைக் கடத்தும், ஆக 45 பாகைக்கு எதிர்பார்த்த எண்ணே கிடைக்கும். சரியான விடை, தவறான காரணத்தால். கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வெளிச்சம் ஏறி இறங்காமல் அப்படியே நிற்கும். விடை பொருந்திவிட்டது என்று அளப்பதை நிறுத்தக் கூடாது என்பதற்கு இதைவிட மலிவான உதாரணம் கிடைக்காது.

இங்கே ஆர்வலர்கள் ஒரு விஷயத்தில் ஏமாறுகிறார்கள். இணையக் காணொளிகள் இந்தத் தாள் சோதனையையே "குவாண்டம் மாயம்" என்று விற்கின்றன. இல்லை. ஒளி ஓர் அலை என்று வைத்துக்கொண்டாலே மேலே உள்ள எண்கள் எல்லாம் வந்துவிடும். மாலஸ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ட விதி அது. பிளேடு பிளவும் அப்படியே. குவாண்டம் நுழைவது, ஒளியை ஒவ்வொரு போட்டானாக (ஒளித்துகளாக) அனுப்பும்போது. பாதிப் போட்டான் எந்த உணரியிலும் பதிவாவதில்லை. ஒன்று முழுதாகக் கடக்கிறது அல்லது கடக்கவில்லை. 45 பாகையில் எது கடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை, ஆனால் லட்சம் அனுப்பினால் பாதி கடக்கும் என்பது கறாராக வருகிறது. எலெக்ட்ரானிலும் இதைப் பார்த்தாயிற்று. ஜப்பானில் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் டோனோமுரா குழு 1989ல் செய்த சோதனையில், 50,000 வோல்ட்டில் முடுக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒளியின் வேகத்தில் சுமார் 40 சதவீதத்தில் போகும் எலெக்ட்ரான், ஒரு மீட்டர் நீளக் கருவியை வினாடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கில் கடந்துவிடுகிறது. ஆகவே உள்ளே இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே நேரத்தில் இருந்து மோதிக்கொள்ள வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். திரையில் முதலில் சிதறிய புள்ளிகள்தான் விழுந்தன. அவை சேரச் சேர வரிவரியாகப் பட்டைகள் எழுந்தன.

"ஒவ்வொரு போட்டானும் கடப்பதா வேண்டாமா என்பதை முன்பே தன்னிடம் எழுதி வைத்திருக்கலாமே, நமக்குத்தான் படிக்கத் தெரியவில்லை" என்று ஒருவர் உங்கள் பக்கத்தில் எழுதியிருந்தார். இது நல்ல கேள்வி. ஐன்ஸ்டீன் பக்கத்துக் கேள்வியும் இதுதான். பதில் சொல்ல ஒரு தாளும் பேனாவும் போதும். 1964ல் ஜான் பெல் தொடங்கிய கணக்கு. அதற்குப் பின்னால் வந்த எளிமையான வடிவத்தைத் தருகிறேன்.

ஒரே மூலத்திலிருந்து இரண்டிரண்டாகக் கிளம்பும் போட்டான்களில் ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் அனுப்புகிறோம். இடப்பக்கத்தில் தாளை 0 அல்லது 45 பாகையில் வைக்கலாம், வலப்பக்கத்தில் 22.5 அல்லது 67.5. கடந்தால் +1, தடைபட்டால் −1. எழுதிவைத்த சீட்டு உண்டு என்றால், ஒவ்வொரு ஜோடியிடமும் நான்கு விடைகள் தயாராக இருக்க வேண்டும்: இடப்பக்கத்துக்கு இ1, இ2, வலப்பக்கத்துக்கு வ1, வ2. இப்போது இ1 × (வ1 − வ2) + இ2 × (வ1 + வ2) என்பதைக் கணக்கிடுங்கள். வ1, வ2 இரண்டும் ஒன்றாக இருந்தால் முதல் அடைப்புக்குறி சைபர். வேறாக இருந்தால் இரண்டாவது சைபர். மிஞ்சுவது எப்போதும் +2 அல்லது −2. பதினாறு விதச் சீட்டுகளையும் எழுதிப் பார்த்துவிடலாம், பத்து நிமிடம் ஆகாது. ஆக, எத்தனை ஜோடிகளின் சராசரி எடுத்தாலும் 2ஐத் தாண்ட முடியாது. குவாண்டம் கணக்கோ, 22.5 பாகை வித்தியாசத்துக்கு ஒத்துப்போகும் வாய்ப்பு 0.854, முரண்படும் வாய்ப்பு 0.146, கழித்தால் 0.707 என்கிறது. 67.5 பாகைக்கு அதுவே −0.707, அந்த உறுப்புக்கு முன் கழித்தல் குறி இருப்பதால் அதுவும் கூட்டலாகிவிடும். நான்கையும் சேர்த்தால் 2.828.

2ஆ, 2.8ஆ? அளந்து பார்க்கலாம் அல்லவா, பார்த்தார்கள். 1972ல் பெர்க்லியில் பிரீட்மன், கிளாசர். 1982ல் பிரான்சில் ஆஸ்பே குழு. ஒவ்வொரு முறையும் சீட்டுக் கணக்கின் எல்லையைத் தாண்டியது. ஒவ்வொரு முறையும் "இந்த ஓட்டை வழியாகத் தப்பிக்கலாம்" என்று யாரேனும் காட்டினார்கள். 2015ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழு, முக்கிய ஓட்டைகள் இரண்டையும் (இரு பக்கமும் தமக்குள் செய்தி பரிமாறியிருக்கலாம், அளவில் பதிவாகாத துகள்கள் கணக்கை மாற்றியிருக்கலாம்) ஒரே சோதனையில் அடைத்தது. 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் வைரத்துண்டுகளுக்குள் இருந்த இரண்டு எலெக்ட்ரான்கள். அந்தத் தூரத்தை ஒளி கடக்க 4.3 மைக்ரோவினாடி ஆகும். அதற்குள் இரு பக்கமும் கோணம் தேர்ந்து அளந்து முடித்தார்கள். 245 முறை அளந்ததில் கிடைத்தது 2.42, பிழை எல்லை 0.20.

இந்த எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். சீட்டுக் கணக்கே சரியாக இருந்து, குருட்டு யோகத்தில் இப்படியொரு முடிவு வர நூற்றுக்கு நான்கு வாய்ப்பு இருந்ததாக அந்தக் குழுவே எழுதியது. நூற்றுக்கு நான்கு என்பது சின்ன வாய்ப்பல்ல. அந்த ஒரு சோதனை மட்டும் இருந்தால் "நிரூபணமாகிவிட்டது" என்று நானும் எழுதமாட்டேன். ஆனால் அதே ஆண்டு போட்டான்களை வைத்து வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டரிலும் தனித்தனியாகச் செய்தார்கள். வியன்னா முடிவில் அந்த யோகத்துக்கான வாய்ப்பு, தசமப் புள்ளிக்குப் பின் 30 சைபர் போட்டு எழுத வேண்டிய எண். 2022ல் ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு வந்தது இந்த நெடிய வரிசைக்காகத்தான்.

"அப்படியானால் ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாமே" என்ற கடிதத்துக்கு ஒரே வரியில் பதில்: இடப்பக்கக்காரர் தன் குறிப்பேட்டை மட்டும் பார்த்தால் பாதி +1, பாதி −1, எந்த ஒழுங்கும் இல்லை; வலப்பக்கக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டால்தான் ஒழுங்கு தெரியும், ஒப்பிடத் தொலைபேசிதான் வேண்டும். மனம் பார்ப்பதால் மாறுகிறது என்பதற்கும் அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. எலெக்ட்ரானைப் போலவே பட்டை காட்டும், 70 கார்பன் அணு கொண்ட மூலக்கூறுகளை வைத்து வியன்னாவில் 2004ல் காட்டினார்கள். மூலக்கூறை லேசரால் சூடாக்க, அது தானே வெப்பக்கதிரை வெளியிட்டுத் தன் இருப்பிடத்தைச் சுற்றுப்புறத்துக்குக் காட்டிக்கொடுக்கிறது. சூடு ஏற ஏறப் பட்டைகள் மங்கி மறைகின்றன. அந்தக் கதிரை யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

வாதிடுவதற்கு உண்மையிலேயே இடம் இருக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சீட்டுக் கணக்கு விழுந்தது சரி, அதற்குப் பதில் எதை விட்டுக்கொடுப்பது? தொலைவில் நடப்பது இங்கே உடனே பாதிக்காது என்பதையா, அளக்கும்முன்பே விடை இருந்தது என்பதையா? கோபன்ஹேகன்காரர்கள் (அளக்கும்முன் விடையே இல்லை என்பவர்கள்) ஒன்று சொல்வார்கள், பல உலகக் கட்சி (எல்லா விடையும் வெவ்வேறு உலகில் நடக்கும் என்பது) இன்னொன்று, 1952ல் போம் தந்த வழி (தொலைவில் நடப்பதும் உடனே பாதிக்கும் என்பது) மற்றொன்று. மூன்றும் இந்தச் சோதனைகளுக்கு ஒரே எண்ணைத்தான் தருகின்றன. "புதிரே இல்லை" என்று மேசையைத் தட்டும் வாசகர் இதைத் தாண்டிச் செல்ல முடியாது.

நிச்சயம் என்பது எப்படி வருகிறது என்பதற்கு, ஃபில்டர் வைத்துச் செய்த இன்னொரு சோதனையை நம்மவர்கள் மறக்கலாகாது. 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் செய்தது. 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வில்லையால் சூரிய ஒளியைக் குவித்து, இன்னொரு சிறு வில்லையால் மேலும் நெருக்கி, திரவத்துக்குள் விட்டார்கள். நீல ஊதா ஃபில்டர், மஞ்சள் பச்சை ஃபில்டர் இரண்டையும் உள்ளே வரும் ஒளியின் வழியில் வைத்தால், திரவத்தில் ஒளித்தடம் முற்றாக மறைந்தது. மஞ்சளை மட்டும் எடுத்துத் திரவத்துக்கும் கண்ணுக்கும் நடுவே வைத்ததும் தடம் மறுபடி தெரிந்தது. அதே இரண்டு ஃபில்டர்; இடம்தான் மாறியது. திரவத்துக்குள்ளேயே ஒளியின் நிறம் மாறியிருந்தால் ஒழிய இது நடக்காது. உடனே எழும் சந்தேகம், அழுக்கினால் வரும் ஒளிர்வாக இருக்குமோ என்பது. அதற்காக வெற்றிடத்தில் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்த திரவங்கள், சுமார் 60 வகை. தடத்தின் ஒளி பல திரவங்களில் வலுவாகத் தளவிளைவு அடைந்திருந்ததையும் பார்த்தார்கள். சாதாரண ஒளிர்வு அப்படி இருக்காது. எதிராளி கேட்பதற்கு முன்பே அந்தக் கேள்விக்கான அளவீடும் கட்டுரையில் இருந்தது.

இதற்கு நேர்மாறான கதை 2011 செப்டம்பரில் வந்தது. ஜெனீவாவிலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி, இத்தாலியின் கிரான் சாசோவுக்கு வந்த நியூட்ரினோக்கள் (எதையும் எளிதில் ஊடுருவும் நுண்துகள்கள்) ஒளியைவிட 60 நானோவினாடி முந்தியதாக ஓப்பெரா குழு அறிவித்தது. புள்ளியியல் உறுதி ஆறு சிக்மா. கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் சிக்மா அளப்பது தற்செயலைத்தான். கருவியில் எங்கே திருகு கழன்றிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மாதங்கள் கழித்துக் கண்டுபிடித்தது, ஜி.பி.எஸ். நேரத்தைக் கொண்டுவரும் ஒளியிழைக் கம்பியின் செருகி சரியாகப் பொருந்தாமல் இருந்ததை. அனுபவசாலிகள் பலர் முதல் நாளே நம்பாததற்குக் காரணம் பிடிவாதம் அல்ல, 1987ல் வெடிப்பு நமக்குத் தெரிந்த விண்மீன். சுமார் 1,68,000 ஒளியாண்டு தூரத்திலிருந்து அதன் நியூட்ரினோக்கள் ஒளிக்குச் சில மணி நேரம்தான் முன்னால் வந்தன. அதுவும் வெடிப்பின் அதிர்வலை விண்மீனின் மேற்பரப்புக்கு வந்துசேர எடுத்த நேரம். ஓப்பெரா வேகம் எல்லா நியூட்ரினோவுக்கும் பொருந்தியிருந்தால் நான்கு ஆண்டு முன்பே வந்திருக்க வேண்டும். அறிவியல் தவறு செய்தது என்று இதை மேற்கோள் காட்டுபவர்கள், செருகியைக் கண்டுபிடித்தது யார் என்பதையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாதம் தொடரட்டும், ஆனால் தாள் சோதனையைச் செய்து பார்த்தவர்களின் எண்களையும் வெளியிடுங்கள். அனுப்புபவர்கள் தாள் எங்கிருந்து எடுத்தது, திரையை அணைத்தபோது வந்த லக்ஸ் எவ்வளவு, ஒரு தாளுக்கு இழப்பு எவ்வளவு ஆகிய மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும். 45 பாகை எண் மட்டும் வந்தால் போதாது. கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தீர்களா என்று நான் கேட்பேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி